பெரியப்பாவின் கையெழுத்தும் குடல் பாக்டீரியாவும்

பெரியப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிய கை. ஒரு நாள் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் அவர் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்றும் மூன்று விதம். அன்று இரவு முழுக்கத் தூங்காமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "உங்க பெரியப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுப்பா" என்று போனில் அழுதார்.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் முதலில் ஒன்று செய்யச் சொன்னார். "ஐயா, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுங்க." சில நொடிகள்தான். பெரியப்பாவின் மணிக்கட்டுகள் திடீரென்று தொய்ந்து விழுந்தன, மறுபடி எழுந்தன, மறுபடி விழுந்தன. களைத்த பறவை சிறகடிப்பது போல இருந்தது. மருத்துவர் அடுத்து பெரியம்மா பக்கம் திரும்பி, "மோஷன் போய் எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார்.

நான்கு நாள்.

எனிமா கொடுத்தார்கள். லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை பெரியப்பா கண்ணைத் திறந்து, "இந்த ரூமுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார். பெரியம்மா மறுபடி அழுதார். இந்த முறை வேறு அழுகை.

குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மூளையின் வேதியியலை மாற்றும் என்று இப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு. தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு போகும் என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தொடர்புக்கு மருத்துவம் கண்ட மிகப் பழைய, மிக உறுதியான சான்று பெரியப்பா மாதிரி ஈரல் நோயாளிகளின் படுக்கையில் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் உள்ள புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடல் அதைப் பயன்படுத்தியபின் மிஞ்சும் நைட்ரஜனை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது. யூரியாவில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஏறக்குறைய கால்வாசி மட்டும் குடலுக்குள் கசிகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். செரிக்காமல் வந்து சேரும் புரதத்தையும் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியா உண்டாக்கும். குடல் சுவரின் செல்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆக, நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் நாள் முழுக்க ஒரு நச்சு உற்பத்தி ஆகிக்கொண்டே இருக்கிறது.

அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. காரணம், குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போகாமல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. ஈரல் அம்மோனியாவைப் பிடித்து மறுபடி யூரியாவாக்கிவிடும். ஊருக்குள் நுழையும் வழியில் இருக்கும் சோதனைச்சாவடி மாதிரி.

அந்தச் சாவடியைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போனால் என்ன ஆகும் என்பதை 1893-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் இவான் பாவ்லோவ். நாயின் உமிழ்நீரை வைத்துப் பள்ளிப் புத்தகத்தில் இடம் பிடித்த அதே பாவ்லோவ். போர்ட்டல் சிரையை ஈரலுக்குள் விடாமல் பெருஞ்சிரையோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை நாய்களுக்குச் செய்தார்கள். பிழைத்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது சாதுவானவை முரடாயின. தள்ளாடி நடந்தன. சிலவற்றுக்கு வலிப்பு வந்து நினைவு தப்பியது. இறைச்சி நஞ்சு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சிரோசிஸ் வந்த ஈரலில் இதே நிலைமை கத்தி வைக்காமலே உண்டாகிறது. வடுவேறிக் கெட்டிப்பட்ட ஈரலுக்குள் ரத்தம் நுழையத் திணறி, பக்கவழிகள் திறந்துகொள்ளும். அம்மோனியா நேரே மூளைக்குப் போகிறது. மூளையில் அம்மோனியாவைச் சமாளிக்கும் வேலை பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்களுடையது. அவை குளூட்டமேட்டோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளூட்டமினாக மாற்றும். அம்மோனியா அளவுக்கு மீறினால் குளூட்டமின் செல்லுக்குள்ளேயே குவியும். அது தண்ணீரை இழுக்க, செல் வீங்கும். குளூட்டமேட் மூளையின் முக்கியமான தூண்டல் வேதிப்பொருள் என்பதால் செய்திப் பரிமாற்றமும் குளறுபடியாகிறது. தூக்கம் தலைகீழாகும், கவனம் சிதறும், கையெழுத்து கோணும். மலம் நாள்கணக்கில் தேங்கினால் பாக்டீரியாக்களுக்கு அம்மோனியா செய்ய நேரம் கூடுகிறது. மருத்துவர் மலச்சிக்கலைப் பற்றிக் கேட்டது அதற்காகத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி லாக்டுலோஸ். கடையில் மலச்சிக்கல் மருந்தாக விற்கும் அதே பிசுபிசுப்பான இனிப்புச் சிரப்தான். காலக்டோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த செயற்கைச் சர்க்கரை அது. அதை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் உண்டாக்கும். குடல் புளித்துவிடுகிறது. அந்தப் புளிப்பில் அம்மோனியா ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அம்மோனியமாக மாறும். அம்மோனியாவால் குடல் சுவரை எளிதாகக் கடக்க முடியும், அம்மோனியத்தால் முடியாது. மாட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பாக்டீரியா உண்டாக்கிய நஞ்சைப் பாக்டீரியா உண்டாக்கிய அமிலத்தாலேயே கட்டுகிறோம். 1966-இல் இதற்கென்று பயன்படத் தொடங்கிய மருந்து, இன்றும் முதல் தெரிவு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி அளவை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

பாக்டீரியாவைக் குறைத்தாலும் மூளை தெளிகிறது. 1950-களிலேயே நியோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக்கை 299 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் லாக்டுலோஸும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 46 சதவீதம் பேருக்குக் குழப்ப நிலை திரும்பியது. ரிஃபாக்ஸிமின் சாப்பிட்டவர்களில் 22 சதவீதம். அந்த மருந்து ரத்தத்தில் அநேகமாகக் கலப்பதே இல்லை. குடலுக்குள்ளேயே நின்று மூளையைக் காக்கிறது.

மனநிலை விஷயத்தில் இவ்வளவு உறுதி கிடையாது. மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரட்டோனினில், உடலில் இருப்பதில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதனால் குடல்தான் மகிழ்ச்சியின் ஊற்று என்று எழுதுகிறார்கள். முதல் பாதி உண்மை. 2015-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், சில வகை பாக்டீரியாக்கள் குடல் செல்களை அதிகச் செரட்டோனின் சுரக்க வைப்பதை எலிகளில் காட்டினார்கள். ஆனால் குடல் செரட்டோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. குடல் செரட்டோனின் குடலை அசைக்கும், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகளைத் தூண்டும். அந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் வயிற்றுச் செய்தியை மேலே கொண்டுபோகிறவை.

வேகஸ் வழியாகப் பாக்டீரியா மூளையை எட்ட முடியும் என்பதற்கு 2011-இல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் குழு நல்ல சான்று தந்தது. ஒரு வகை லாக்டோபேசிலஸ் பாக்டீரியா ஊட்டிய எலிகளின் பதற்றம் குறைந்தது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் மாறின. வேகஸை வெட்டிவிட்டால் இரண்டும் நடக்கவில்லை. 2017-இல் அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆண்கள் 29 பேருக்குக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தங்கள் கண்டுபிடிப்பை மனிதரிடம் சோதித்து, பலிக்கவில்லை என்று அவர்களே அச்சிட்டார்கள். எனக்கு அந்தக் குழுமீது பெரிய மரியாதை உண்டு. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பாக்கெட் வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு விஷயம் இன்னும் நேரடியானது. அவர்கள் மூளையில் குறைந்துபோகும் வேதிப்பொருளான டோபமினாக மாற வேண்டிய லெவோடோபா மாத்திரையை என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியா வழியிலேயே டோபமினாக மாற்றி வீணடிக்கும் என்று 2019-இல் தெரியவந்தது. கூடச் சேர்த்துக் கொடுக்கும் கார்பிடோபா என்ற மருந்து, இதே மாற்றத்தைச் செய்யும் நம் உடலின் நொதியைத் தடுக்கும்; பாக்டீரியாவின் நொதி அதற்கு அவ்வளவாக மசிவதில்லை.

பெரியப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. சர்க்கரை நோயும் கொழுப்பேறிய ஈரலும் சேர்ந்து சிரோசிஸில் கொண்டுவிட்டன. ஆனாலும் சொந்தக்காரர்கள் பெரியம்மாவிடம், "ரகசியமா குடிச்சிருப்பாரோ?" என்று கேட்டார்கள். அதுவே ஒரு கொடுமை. இன்னொன்று, புரதம் ஆகாது என்று முட்டையையும் பருப்பையும் அவரிடமிருந்து பறித்தது. அது பழைய வழக்கம். தசைகளும் அம்மோனியாவைப் பிடித்து அகற்றுகின்றன; பட்டினி போட்டுத் தசை கரைந்தால் நிலைமை மோசமாகும். இப்போது மருத்துவர்கள் இவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. இரவு படுக்குமுன்கூட ஏதாவது சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் மருத்துவர் ஒரு தாளை நீட்டுவார். 1 முதல் 25 வரை எண்கள் வட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும். பென்சிலால் வரிசையாக இணைக்க வேண்டும், நேரம் குறித்துக்கொள்வார்கள். வெளியே ஒன்றும் தெரியாத ஆரம்பத் தடுமாற்றத்தைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும். பெரியம்மா வீட்டிலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இப்படி எண்களை எழுதி வைத்திருக்கிறார். காலைக் காபிக்குப் பிறகு பெரியப்பா அதை இணைப்பார். கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுவார். பெரியம்மா நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையெழுத்தைத்தான் பார்ப்பார்.