கொள்ளுத்தாத்தாவின் பெயரை விடுங்கள், எண்ணைத் தேடுங்கள்

போன மாதம் எழும்பூரில், ஆவணக் காப்பகத்துக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை வாசலில், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். எழுபது வயது அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள். நான்கு நாட்களுக்கு முன்புதான் ஒரு ஏஜென்ட் அவர்களைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போய், "இதுதான் உங்க பூர்வீக ஊர், இதுதான் உங்க குலதெய்வம்" என்று காட்டியிருக்கிறார். பொங்கல் வைத்து, மொட்டை போட்டு, கோயில் திருப்பணிக்கு என்று பெரிய தொகையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஊர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். குடும்பப் பெயரும் அந்த ஊர்ச் சாமியின் பெயரும் ஒத்துப்போகிறதாம். அவ்வளவுதான்.

கடல் கடந்து போனவர்களின் வேரைத் தேடிக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. இப்படி ஏமாந்து வந்த குடும்பங்களில் இந்த வருடம் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன். சென்னையில் இருக்கும் நீங்கள் இதைப் படிக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வாட்ஸ்அப்பில் "எங்க ஊரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று முதலில் கேட்பது உங்களிடம்தான்.

முதலில் இந்தக் குடும்பப் பெயர் விவகாரம். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக வரும், அடுத்த தலைமுறையில் அது போய்விடும். 1880-இல் முனுசாமி என்று ஒருவர் கப்பல் ஏறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தா பதிவேட்டில் ஒரு கட்டத்தில் அவர் பெயரை எழுதுவார், இன்னொரு கட்டத்தில் அவர் அப்பா பெயரை எழுதுவார். போன நாட்டில் பிள்ளைகளைப் பதியும்போது கடைசிப் பெயர் கேட்பார்கள். அப்பா பெயர் முனுசாமி, அதையே சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு மூன்சாமி என்று ஒரு குடும்பம் இருந்தால், அது எந்த ஊரையும் எந்தக் கோயிலையும் குறிக்காது. கப்பல் ஏறிய ஒரு தனி மனிதருக்கு அவருடைய அம்மா வைத்த பெயர் அது. அந்த மனிதருக்கு முன்னால் அந்தப் பெயர் அந்தக் குடும்பத்தில் இருந்திருக்கவே வேண்டியதில்லை. அவருடைய அண்ணன் தம்பி வம்சத்துக்கு இங்கே அந்தப் பெயரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு எப்படி அந்தப் பெயரை வைத்து ஊரைத் தேடுவது? தென்னாப்பிரிக்காவில் மூட்லி (நம் முதலிதான்), நாயுடு, பிள்ளை என்று பட்டப்பெயர்கள் குடும்பப் பெயராகிவிட்டன. அதை வைத்துச் சாதியை முடிவு செய்வதும், சாதியை வைத்து ஊரை முடிவு செய்வதும் அதே தவறுதான்.

"வெள்ளைக்காரன் எங்க பெயரை மாத்திட்டான்" என்பது அடுத்தது. யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை. கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார், இறங்கிய துறைமுகத்தில் இன்னொருவர், தோட்டத்தில் இன்னொருவர். குப்புசாமி கூப்பூசாமி ஆனார். மொரீசியஸில் பிரெஞ்சு உச்சரிப்பில் வீரப்பன் வீராபென் ஆனார். ஒரே ஆளுக்கு நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கும். மாறாதது ஒன்றே ஒன்று, அவருக்குக் கொடுத்த எண்.

நேட்டாலுக்கு, அதாவது தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதிக்கு, போன ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஓர் எண் உண்டு. 1860 அக்டோபர் 12 அன்று மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு கிளம்பியதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள். மொரீசியஸ் போனவர்களுக்கும் எண் உண்டு. அந்தப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, சிலருக்கு ஃபோட்டோகூடக் கிடைக்கும். ஃபிஜி போனவர்களுக்கு எமிகிரேஷன் பாஸ். எண் கிடைத்தால், கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்குரிய வரியில் அப்பா பெயர், வயது, உயரம், உடம்பில் இருந்த தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் வரும். வயதை மட்டும் நம்பாதீர்கள், அது குமாஸ்தாவின் கண் மதிப்பு.

இந்தக் காகிதம் ஆளோடு சேர்ந்து கப்பல் ஏறிவிட்டது. எழும்பூர்க் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய அரசாங்கக் கடிதங்கள், ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேட வேண்டிய முதல் இடம் அது இல்லை. தேடலை அந்தக் கரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"ஆனா எங்க பேப்பர்ல மெட்ராஸ்னு இருக்கே?" இருக்கும். மெட்ராஸ் என்பது துறைமுகம், மாகாணம். ஒரிசா எல்லையில் கஞ்சம் முதல் மலபார் வரை அந்த மாகாணம்தான். அவர் தெலுங்கு பேசியவராகவும் இருக்கலாம். பழைய காகிதத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளாவுக்கு டிக்கெட் போடாதீர்கள், அந்தக் காலத்தில் தமிழர்களையே அப்படித்தான் எழுதினார்கள். வட ஆற்காடு ஜில்லா என்றால் வேலூரோடு நிறுத்தாதீர்கள். 1911 வரை சித்தூரும் அதற்குள்தான். காரைக்காலில் கப்பல் ஏறி ரீயூனியன் போனவர் காரைக்கால்காரராக இருக்க வேண்டியதில்லை. ஃபிஜிக்கு மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் போனது 1903-இல். அதற்கு முன்பே போனார் என்று வீட்டில் சொன்னால் கல்கத்தா கப்பல்களைப் பாருங்கள்.

ஒரு முறை நானே இரண்டு வாரம் திருவள்ளூர்ப் பக்கம் அலைந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அப்படித்தான் படித்திருந்தேன். அப்புறம் தஞ்சாவூர் ஜில்லா என்று பக்கத்துக் கட்டத்தில் இருந்ததைக் கவனித்தேன். வெள்ளைக்காரர்கள் திருவாரூரைத் திருவாலூர் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயரை ஜில்லா, தாலுகாவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று அன்றைக்குப் பாடம் கற்றேன்.

இலங்கை, மலேயா, பர்மாவுக்குக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர்) மூலம் போனவர்களின் கதை வேறு. அங்கே எண்ணைவிடத் தோட்டத்தின் பெயரும் கங்காணியின் பெயரும்தான் கை கொடுக்கும், ஏனென்றால் கங்காணி பெரும்பாலும் தன் ஊர்ப் பக்கத்து ஆட்களைத்தான் சேர்த்தார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்றால், அப்போது கொடுத்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, செய்யக் கூடாதவை. கிராமம் உறுதியாகும் முன் யாருக்கும் திருப்பணிக்குப் பணம் கொடுக்காதீர்கள். காகிதத்தைப் பார்க்காமலே ஊரைச் சொல்கிற ஏஜென்டிடம் பேச்சே வேண்டாம். எச்சில் எடுத்து அனுப்புகிற டிஎன்ஏ பரிசோதனை கிராமத்தைச் சொல்லாது. கிராமம் தெரிந்தாலும் தாலுகா ஆபீஸில் பட்டாவில் பெயர் இல்லை என்று மனம் உடையாதீர்கள்; நிலம் இருந்தவர்கள் எத்தனை பேர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள்? சாதிக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் மறைச்சிடுங்க சார்" என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்த மனிதர் ஐந்து வருட ஒப்பந்தத்தை முதுகில் சுமந்து உங்களை உருவாக்கியவர். தயவுசெய்து அவரை உள்ளபடியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

டர்பன் குடும்பத்திடம் ஒரு காகிதம் இருந்தது, தாத்தாவின் திருமணப் பதிவு. அழகாக ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் எண்ணையே காணோம். டீக்கடை பெஞ்சில் வைத்து, கார் சாவியால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பிக் கழற்றினோம். ஃபிரேம் போட்ட கடைக்காரர் இடது ஓரத்தை ஓர் அங்குலம் உள்ளே மடித்திருந்தார். அந்த மடிப்புக்குள் தாத்தாவின் அப்பாவுக்குரிய எண், ஐந்து இலக்கம். அன்று இரவே கப்பல் பட்டியலில் அந்த வரி கிடைத்தது. வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. செங்கல்பட்டு இல்லை.

அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார், உடைந்த தமிழில்: "அப்போ நாங்க கும்பிட்டது யாரை?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து யாராவது ஊரைக் கேட்டால், பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். வீட்டில் இருக்கிற பிறப்பு, திருமண, இறப்புக் காகிதம் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபிரேமில் இருந்தால் கழற்றிவிட்டு, நான்கு ஓரமும் தெரியும்படி.