வாடை வரவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று யார் சொன்னது?

குன்னூருக்கு மேலே ஒரு ஹோம்ஸ்டே. முன்னறையில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஃபயர்பிளேஸ். ‘வென்ட் ஃப்ரீ’ என்று விற்கிறார்களே, அது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அந்த அறையிலேயே மெத்தை விரித்துப் படுத்த ஒரு குடும்பம், காலையில் எழுந்து நிற்க முடியாமல் தவித்திருக்கிறது. தலைவலி, வாந்தி. சின்னப் பெண்ணுக்குப் பேச்சே குழறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டார்கள். அதன் பிறகு உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். எதற்கு? “கேஸ் லீக் ஆகுதான்னு கொஞ்சம் பாத்துக் கொடுங்க. வாடையே வரலீங்க, ஆனா ஊரெல்லாம் லீக்குன்னு பேசுது.”

சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ரெகுலேட்டரிலிருந்து பர்னர் வரை ஒரு குமிழ்கூட எழவில்லை. கசிவு இல்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அப்ப நம்ம ஃபயர்பிளேஸ் நல்லாத்தான் இருக்குதுங்களா?” என்றார். அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீலகிரியில் கேஸ் ஹீட்டர், கீசர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். குளிர்காலம் வந்தால் இதே பேச்சைத்தான் வீட்டுக்கு வீடு கேட்கிறேன்.

கேஸ் கசிந்தால்தான் ஆபத்து என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அடுப்படியில் அது சரி. எல்பிஜிக்குச் சொந்தமாகப் பெரிய வாடை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். நமக்குத் தெரிந்த ‘கேஸ் வாடை’ அதுதான். ஆனால் அந்தப் பொருள் எரியாத கேஸோடுதான் வரும். தீயில் போனால் அதுவும் எரிந்துபோகும். ஃபயர்பிளேஸில் கேஸ் கசியவில்லை, எரிகிறது. அறைக் காற்றில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்து எரிகிறது. அந்த ஆக்சிஜன் குறையக் குறைய, எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கிளம்புகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. கசிவே இல்லாத, புத்தம் புதிய ஃபயர்பிளேஸும் அடைத்த அறையில் இதைத்தான் செய்யும். சிலிண்டரைத் தோட்டத்தில் வைத்துவிட்டுக் குழாயை மட்டும் உள்ளே இழுத்தாலும் இதேதான். “சிலிண்டர் வெளியேதானே சார் இருக்கு” என்று சொல்லாதவர்களே இல்லை. சிலிண்டர் எங்கே இருந்தால் என்ன, தீ எங்கே எரிகிறது என்பதுதான் கேள்வி. சோப்பு நுரை சோதனை கசிவைக் காட்டும். கார்பன் மோனாக்சைடை ஒருநாளும் காட்டாது. உங்கள் மூக்கும் காட்டாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘முழுசா எரிஞ்சிடும், புகையே வராது’ என்று விற்பவர் சொல்வார். புகை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எரிந்தது எல்லாம் அறைக்குள்ளேதான் இருக்கிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். காலையில் ஜன்னல் கண்ணாடி உட்பக்கம் வேர்த்து வடிந்திருந்தால் அதைப் பனி என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த ஈரம் வெளியே போக வழி இல்லாதபோது மற்றதும் போயிருக்காது.

கணக்கையும் பார்த்துவிடலாம். 25,000 பி.டி.யு. (ஒரு மணி நேரத்தில் தரும் வெப்பத்தின் அளவு) ஃபயர்பிளேஸ் ஒன்று முழுத் தீயில் மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் கேஸ் எரிக்கும். அதற்கு சுமார் 7 கன மீட்டர் காற்று வேண்டும். பத்துக்குப் பத்து அறை, ஒன்பதடி உயரம் என்றால் மொத்தக் காற்றே 25 கன மீட்டர்தான். கதவு ஜன்னலை இறுக அடைத்தால், 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் அரை மணி நேரத்தில் 18-க்கு வந்துவிடும். இது சமவெளிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இங்கே அரை மணி கூட ஆகாது.

வென்ட் ஃப்ரீ கருவிகளை அதிகம் விற்கிற அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். 1,000 பி.டி.யு.வுக்கு 50 கன அடி இடம். நம் பத்துக்குப் பத்து அறை 900 கன அடி, அதாவது 18,000 பி.டி.யு. வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால், காற்று வர நிரந்தரத் திறப்பு வைத்தாகவேண்டும்: தரையிலிருந்து ஓரடிக்குள் ஒன்று, கூரையிலிருந்து ஓரடிக்குள் ஒன்று. பக்கத்து அறையிலிருந்து காற்று எடுப்பதானால் ஒவ்வொரு திறப்பும் 100 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது. படுக்கையறையில் 10,000 பி.டி.யு.வுக்கு மேல் வைக்கவே விடமாட்டார்கள். குளியலறையில் 6,000. கலிபோர்னியாவில் வீட்டுக்குள் வைக்கும் புகைபோக்கி இல்லாத ஹீட்டரை விற்பதற்கே தடை. அங்கிருக்கிற சொந்தக்காரர் வரும்போது பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார் என்பதற்காக நம் காட்டேஜில் மாட்டிவிடும் முன் இதை யோசித்துப் பாருங்கள். வந்த கருவி இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டோடு, அதாவது கேஸ் பாயும் துளையோடு, வந்திருந்தால் அதில் நம் எல்பிஜியைக் கொடுக்கவே கூடாது. தீ இரண்டு மடங்குக்கு மேல் எகிறும், கரி கக்கும்.

சரி, குன்னூர் வீட்டுக்கு வருகிறேன். அந்தக் கருவியில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு ஒன்று உண்டு. பைலட் தீ என்கிற சின்னத் தீ, தெர்மோகப்பிள் என்ற சின்னக் கம்பியைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்கும்போது அந்தத் தீ கம்பியை விட்டு விலகும், கம்பி ஆறும், வால்வு மூடிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இது அடிக்கடி தானே அணையும். இத்தனை அடிக்கு மேல் பொருத்தாதே என்று பல கருவிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. இவரும் ‘நின்னு நின்னு போகுது’ என்று யாரையோ கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தெர்மோகப்பிளை இடுக்கியால் வளைத்து, பைலட் தீ எவ்வளவு விலகினாலும் நடுத்தீயிலேயே நிற்கும்படி கம்பி சுற்றி வைத்திருந்தார். பிறகு அது அணையவே இல்லை. உரிமையாளருக்கு சந்தோஷம். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் விஷக்காற்றுக்கும் நடுவில் இருந்த ஒரே காவலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

தொழில் செய்கிற தம்பிகளுக்கு: பாதுகாப்புக் கருவி அணைக்கிறதென்றால் அது ஏதோ சொல்கிறது. அதை வளைக்காதீர்கள், கட்டாதீர்கள், பைபாஸ் பண்ணாதீர்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் கைவேலையில் ஒரு வீடு தூங்குகிறது. அப்புறம், அந்த சென்சார் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, கார்பன் மோனாக்சைடை அல்ல. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே, தூசியும் சிலந்திவலையும் பர்னரின் காற்றுத் துளையை அடைத்தால், அல்லது அழகுக்காக வைத்திருக்கும் பீங்கான் விறகுகள் இடம் மாறித் தீயில் இடித்தால், கார்பன் மோனாக்சைடு வரும். அங்கே வேலைக்கு வரும் அம்மா தூசி தட்டி, விறகுகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு விறகின் அடிப்பக்கம் முழுக்கக் கரி படிந்திருந்தது.

காற்றுத் திறப்பு? இருந்தது. கட்டியவர் ஒழுங்காக மேலும் கீழும் ஜாலி, அதாவது துளை போட்ட காற்றுத் திறப்பு, வைத்திருக்கிறார். மேலே இருந்ததில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள், குளிர் வருகிறதாம். கீழே இருந்ததற்கு முன்னால் சோபா, எலி வருகிறதாம். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். எலி வந்தால் கம்பிவலை போடுங்கள். ஆனால் கொசுவலை மாதிரி நெருக்கமான வலை போட்டால் காற்று பாதி குறையும், அதற்கேற்ப திறப்பைப் பெரிதாக்கவேண்டும். குளிர் வருகிறது என்பதற்காக ஜாலியை அடைக்க நினைத்தால், தயவுசெய்து ஃபயர்பிளேஸைப் பற்றவைக்காதீர்கள். இரண்டில் ஒன்றுதான். “எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்று உள்ளே வர வழி இல்லாத அறையில் ஃபேன் எதை இழுத்து வெளியே தள்ளும்? பக்கத்தில் புகைபோக்கி வைத்த அடுப்போ கீசரோ இருந்தால், அதன் புகையையும் சேர்த்து வீட்டுக்குள் இழுத்துவிடும்.

எனக்கு மனசு ஆறாதது இன்னொன்று. அந்தப் பங்களாவில் வெள்ளைக்காரன் காலத்துச் சிம்னி இருக்கிறது! தேன்கூடும் காக்கைக் குச்சியும் அடைத்துக்கொண்டதால் பலகை வைத்து மூடிவிட்டார்கள். அதைச் சுத்தம் செய்து, புகை மேலே இழுக்கிறதா என்று பார்த்து, சிம்னியோடு சேர்ந்து வேலை செய்யும் கருவியை வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. சிம்னி இல்லாத புது காட்டேஜ் என்றால், சுவர் வழியாக இரட்டைக் குழாயில் வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே புகை விடும் மூடிய வகையைக் கேளுங்கள். இல்லையா, எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் போதும். படுக்கையறைக்குள் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை உருட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த சுவரில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன 8 பேர், அதில் 4 பேர் குழந்தைகள், ஒரே அறையில் கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கி இறந்துபோனார்கள். கதவும் ஜன்னலும் உள்ளே தாழிட்டிருந்தன. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், சுற்றுலா வந்த இருவர், கரியில் சமைத்த பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியதில் இறந்தார்கள். கேஸோ கரியோ, கதை ஒன்றுதான். கரி கனன்றுகொண்டிருக்கும்போது இன்னும் மோசம்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியத் தர அலாரம், காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கார்பன் மோனாக்சைடு, அதாவது 50 பி.பி.எம்., இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கத்தும், 300 பி.பி.எம். என்றால் மூன்று நிமிடத்துக்குள் கத்தும். படுக்கிற இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்னால் போட்டிருக்கும் தேதி முடிந்ததும் மாற்றுங்கள். அலாரம் இருக்கிறது என்று ஜாலியை அடைக்காதீர்கள். தூங்கப் போகும் முன் தீயை அணைத்துவிடச் சொல்லி விருந்தினரிடம் வாயால் சொல்லுங்கள். சுவரில் ஒட்டும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை.

மலைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் தலைவலி, குமட்டல் வரத்தான் செய்யும். அதனாலேயே இந்த விஷத்தின் முதல் அறிகுறியை ‘பயண அலுப்பு’, ‘மலைக் காத்து ஒத்துக்கல’ என்று விட்டுவிடுகிறீர்கள். அறையில் தீ எரிகிறது, கூட இருக்கிற இரண்டு மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தலை வலிக்கிறது, வெளியே வந்து நின்றால் தெளிகிறது என்றால் அது அலுப்பு அல்ல. உடனே தீயை அணைத்து, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். தூங்குகிற குழந்தையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து, வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவரிடமும் டாக்டரிடமும் “அறைக்குள் கேஸ் எரிந்துகொண்டிருந்தது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 என்று காட்டும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தனியாகப் பார்க்கவேண்டும். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்கு அது தோன்றும்.