உதிர்ந்த கொம்புதானே என்று எடுக்காதீர்கள்

"மானை நான் கொல்லவில்லை. அது உதிர்த்துவிட்டுப் போனதைத்தான் எடுத்தேன்." மான் கொம்போடு பிடிபடுபவர்கள் முதலில் சொல்வது இதுதான். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனாலும் வழக்கு நிற்கிறது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விலங்கின் உடற்பாகங்களைப் பட்டியலிடும்போது தோல், நகம், பல், தந்தம் ஆகியவற்றோடு மான் கொம்பையும் சேர்த்தே சொல்கிறது. அரசுச் சொத்தாகக் கருதப்படும் பொருள் எந்த வழியில் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. அந்தப் பிரிவு வேட்டையாடப்பட்ட, இறந்து கிடந்த விலங்குகளைப் பற்றித்தான் பேசுகிறது, உயிரோடு திரியும் மான் உதிர்த்த கொம்பைத் தொடாது என்று ஒரு வாதம் உண்டு. நல்ல வாதம்தான். ஆனால் அதை நீதிமன்றத்தில் எடுத்து வைப்பதற்குள் ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். தவிர, எடுத்த இடம் சரணாலயமாக இருந்தால், அங்கிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்துப் போவதைத் தடுக்கும் 29ஆம் பிரிவு தனியாக வரும். காப்புக்காடாக இருந்தால் வனச் சட்டம் வரும். அதன் கணக்கில் கொம்பும் எலும்பும் வன விளைபொருள்கள். வன உயிரினச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், அது முறையாக வந்தது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும்.

2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. கொம்பை ஏற்றி வந்த வண்டியும் பறிமுதலாகும். பண்ணாரி சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்த பிறகு, வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

மயிலிறகு வைத்திருக்கலாமே, மான் கொம்பு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. மயிலின் தோகை இறகுக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. கொம்புக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை.

அப்படியானால் உதிர்ந்த கொம்புக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் ஏறக்குறைய அப்படித்தான் செய்கின்றன. வயோமிங்கில், ஆறுகளைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் மலைத்தொடர்க் கோட்டுக்கு (கண்டப் பிரிகோடு) மேற்கே உள்ள பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை. மே 1 காலை 6 மணிக்கு உள்ளூர்க்காரர்களுக்குத் திறப்பார்கள். வெளிமாநிலத்தவர் ஒரு வாரம் காத்திருந்து, பாதுகாப்பு முத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக முடியும். கொலராடோவிலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மேற்குப் பகுதியில் தடை இருக்கிறது. இந்த விதிகளின் நோக்கம் வேட்டையைத் தடுப்பது அல்ல. பனிக்காலக் கடைசியில் எல்க், மியூல் மான் என்ற அந்த ஊர் மான்கள் உடம்பில் மிச்சமிருக்கும் கொழுப்பை வைத்து உயிர் பிழைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆட்கள் துரத்தி ஓடவிட்டால், வசந்தம் வருவதற்குள் செத்துவிடும். கொம்பு வியாபாரம் அங்கே சட்டப்படி நடப்பது. வயோமிங்கின் ஜாக்சன் நகரத்தில் எல்க் காப்பகத்துக் கொம்புகளைச் சாரணர்கள் அனுமதி பெற்றுப் பொறுக்கி ஏலம் விடுகிறார்கள்; அந்தப் பணத்தின் பெரும்பகுதி காப்பகத்துக்கே திரும்பப் போகிறது.

இந்த ஏற்பாட்டை முதுமலைக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் எங்கள் கருத்து. அமெரிக்காவில் ஒரு பருவத்தை மூடிவைத்தால் பிரச்சினை தீர்கிறது. நம் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஆண்டில் எந்த மாதம் பார்த்தாலும் மந்தையில் ஒன்றிரண்டு ஆண் மான்கள் மொட்டைத் தலையோடு நிற்கும். எதை மூடி, எப்போது திறப்பது?

அடுத்தது, உதிர்ந்ததையும் அறுத்ததையும் பிரித்தறிவது. முழுக் கொம்பாக இருந்தால் சுலபம். தானாக உதிர்ந்ததன் அடிப்பகுதி லேசாகப் புடைத்து, சொரசொரப்பாக இருக்கும். அதைச் சுற்றி முடிச்சு முடிச்சாக ஒரு வளையம் இருக்கும். கொன்று எடுத்ததில் அந்த வளையத்துக்குக் கீழே மண்டையோட்டுத் துண்டோ தோலோ ஒட்டியிருக்கும், அல்லது ரம்பத் தடம் தெரியும். ஆனால் வளையத்துக்கு மேலே ஒரு அங்குலம் அறுத்துப் போட்டுவிட்டால் இந்த அடையாளங்கள் எல்லாம் போய்விடும். கத்திப் பிடியாகவோ பொத்தானாகவோ மருந்துப் பொடியாகவோ மாறிய பிறகு எந்த வல்லுநராலும் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனை அது கடமானா புள்ளிமானா என்று காட்டும். அந்த மான் செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று காட்டாது. ஆகவே உதிர்ந்த கொம்புக்குக் கொடுக்கும் சீட்டு, கண்ணியில் மாட்டிச் செத்த மானின் கொம்பையும் கணக்கில் ஏற்றிவிடும். ஒரு காலத்தில் நம் கடமான் கொம்பு கத்திப் பிடிகளுக்காக வெளிநாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றுமதியை நிறுத்தியதற்குப் பின்னால் இந்தச் சிக்கலும் இருந்தது.

மூன்றாவதாக, தீ. இலையுதிர் காட்டில் காய்ந்த புல்லுக்கு அடியில் கிடக்கும் கொம்பு கண்ணில் படாது. புல்லைக் கொளுத்திவிட்டால் கரித்தரையில் பளிச்சென்று தெரியும். கோடைக் காட்டுத்தீயின் காரணங்களில் இதுவும் ஒன்று. கொம்புக்கு விலை இருக்கும்வரை தீக்குச்சிக்கும் வேலை இருக்கும். உதிர்ந்த கொம்பை முள்ளம்பன்றியும் மற்ற கொறிவிலங்குகளும், சில நேரம் மான்களுமே கூடக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதையும் கணக்கில் சேர்க்கலாம்.

பழங்குடி மக்களின் உரிமை என்ற கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள் என்று சொல்வது தாவரத்திலிருந்து வருபவற்றையும் தேன், மெழுகு, அரக்கு போன்றவற்றையும்தான். காட்டு விலங்கின் உடற்பாகத்தை எடுக்கும் மரபுரிமையை அது வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. எங்களுக்குக் குறையாகப் படுவது வேறு: கொண்டுவந்து ஒப்படைப்பவரையே சந்தேகத்தோடு குடைவது. வாங்கிக்கொண்டு கேள்வி கேட்காமல் ரசீது கொடுத்தால், பாதிக் கொம்பு தரகரிடம் போகாமல் வனச்சரக அலுவலகத்துக்கே வந்துவிடும். அரசு அதை ஏலம் விடவும் முடியாது, சட்டமே தடுத்திருக்கிறது.

இனி, கொம்பைக் கண்டால் செய்ய வேண்டியது. கிண்டியைப் போல நகரத்துக்குள் மான் திரியும் வளாகமோ, மலையோரத் தோட்டமோ, எங்கே கிடந்தாலும் தொடாதீர்கள். கிடந்த இடத்திலேயே, இருப்பிடம் பதிவாகும்படி படம் எடுத்து, வனச்சரகருக்குத் தகவல் சொல்லுங்கள். தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் நாள், நேரம், இடம் குறிப்பிட்டு இரண்டு பிரதி எழுதி, கொம்போடு போய்க் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் தாண்டிவிட்டது என்று பயந்து உடைப்பதோ கிணற்றில் போடுவதோ கூடாது. தடயத்தை அழித்த குற்றமும் சேரும். பஸ் பார்சலிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள்.

வெளிமான் கொம்பு விஷயத்தில் உதிர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. முறுக்கிய அந்தக் கொம்பு ஆயுளுக்கும் தலையில் இருப்பது. அது கையில் இருக்கிறது என்றால் ஒரு விலங்கு செத்திருக்கிறது. வெளிமான் முதல் அட்டவணையிலும் இருக்கிறது.

தாத்தா காலத்துக் கொம்பு சுவரில் மாட்டியிருக்கிறதா? 2003இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தபோது அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருந்தால் கவலையில்லை. சான்றிதழ் வைத்திருந்தவர் இறந்தபின் வாரிசு 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லாத வீடுகள்தான் அதிகம். அவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அவர் வழியாக எழுத்து மூலம் ஒப்படைப்பது நல்லது.

கடையில் மான்கொம்பு மோதிரம், தாயத்து, பற்பம் என்று விற்றால் வாங்காதீர்கள். மாட்டுக் கொம்பு உள்ளே கூடாக இருக்கும். மான் கொம்பு முழுக்க எலும்பு, நடுவில் கடற்பஞ்சு போல் துளைகள் தெரியும். அந்தத் துளைகள் தெரிந்தால் பொருளைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாங்கியவரும் வழக்கில் வருவார்.