விழுந்த விமானமா, கொட்டிய குப்பையா? பிரிட்டனில் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்

எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். லிங்கன்ஷயரில் ஒரு வயலில் இரண்டாம் உலகப்போரில் விழுந்த விமானத்தின் மிச்சத்தைத் தோண்டிப் பார்க்க ஆசைப்பட்டார். சட்டப்படியே செய்வோம் என்று எல்லாத் தாள்களையும் திரட்டி, தோண்டுவதற்கான உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். நான்கு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. அனுமதிக் கடிதம் கொடுத்த விவசாயி அந்த நிலத்தின் குத்தகைக்காரராம், சொந்தக்காரர் இல்லையாம். சொந்தக்காரர் ஒரு எஸ்டேட். அங்கே போனால் ஏஜென்டைப் பாருங்கள் என்றார்கள், ஏஜென்ட் வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார், வக்கீலோ எஸ்டேட்டிலிருந்து எழுத்தில் வந்தால்தான் பார்ப்பேன் என்றார். இந்த அலைச்சல் முடிவதற்குள் வயலில் கோதுமை விதைத்துவிட்டார்கள். ஒரு வருடம் போய்விட்டது. "நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரர் யார் என்று முதலில் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும், சொல்ல ஆளில்லை.

சட்டம் இதுதான். 1986ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம். ராணுவப் பணியில் இருந்தபோது விழுந்த எந்த விமானமாக இருந்தாலும் சரி, ஆங்கிலேயருடையதோ ஜெர்மானியருடையதோ அமெரிக்கருடையதோ, பிரிட்டன் மண்ணில் கிடக்கும் அதன் எச்சத்துக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. உரிமம் இல்லாமல் தோண்டுவதும், அசைப்பதும், எடுப்பதும் குற்றம். உரிமம் தருவது பாதுகாப்பு அமைச்சகம். அந்த வேலையைப் பார்ப்பது க்ளாஸ்டர் பக்கம் இன்ஸ்வொர்த்தில் இருக்கும் ஜே.சி.சி.சி. என்ற, படையினரின் உயிரிழப்பு விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவு. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் இடத்தில் பலகையோ வேலியோ இருக்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தெரியாமல் உழும்போது ஒரு துண்டு மேலே வந்தால் அது குற்றம் இல்லை. இது விழுந்த ராணுவ விமானமாக இருக்கலாம் என்று நீங்கள் நம்பியோ, அப்படிச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தோ, அதற்கு மேலும் தோண்டினால் அது குற்றம். அதாவது முதல் துண்டு பிரச்சினை இல்லை, அதைப் பார்த்து ஆசைப்பட்டுப் போடும் இரண்டாவது வெட்டுதான் பிரச்சினை. மெட்டல் டிடெக்டர்காரர்கள் இதை நன்றாக நினைவில் வையுங்கள். மலை உச்சியில் வெளியிலேயே கிடக்கும் உடைசல்களும் அப்படித்தான். பீக் டிஸ்ட்ரிக்டின் ப்ளீக்லோ மேட்டில் 1948 நவம்பர் 3 அன்று விழுந்த அமெரிக்க சூப்பர்ஃபோர்ட்ரஸ் ராணுவ விமானம் இன்றும் சிதறிக் கிடக்கிறது, அதில் 13 பேர் இறந்தார்கள். போருக்குப் பிறகு விழுந்தது என்பதால் சட்டம் அதை விட்டுவிடவில்லை. ஒரு சின்ன ரிவெட் தகட்டைக்கூட நினைவுப்பொருள் என்று பையில் போடாதீர்கள்.

சரி, விழாத விமானம்? பழைய விமானத் தளங்களில் போர் முடிந்ததும் உதிரிப் பாகங்களைக் குழி வெட்டிக் கொட்டிப் புதைத்தார்கள். இந்தச் சட்டம் விழுந்த விமானத்துக்குத்தான், இந்தக் குப்பைக்குழிகளுக்குப் பொருந்தாது. இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாக மண்வெட்டியை எடுக்கிறார்கள். அங்கேயும் பொருள் உங்களுடையது இல்லை, நிலத்துக்காரரிடம் கேட்காமல் எடுத்தால் திருட்டு. விபத்தில் நொறுங்கியவற்றையும் அதே குழியில் கொட்டியிருக்கலாம் என்பதால், எது எது என்று குழியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பழைய தளம் இன்னும் அமைச்சகத்தின் நிலமாக இருந்தால் டிடெக்டரோடு உள்ளே நுழையும் யோசனையே வேண்டாம்.

குப்பைக்குழியில் எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம் வேறு. அந்தக் கால விமானக் கருவிகளின் டயல்களில் இரவில் தெரிவதற்காக ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் டல்கெட்டி பே என்று ஒரு கடற்கரை ஊர். பக்கத்தில் இருந்த டோனிப்ரிஸ்டில் கடற்படை விமானத் தளத்தில் பழைய விமானங்களைப் பிரித்து, டயல்களை எரித்து, சாம்பலைக் கரையில் கொட்டினார்கள். பிறகு அங்கே ஊர் எழுந்தது. 1990ல்தான் கடற்கரையில் கதிரியக்கம் இருப்பது தெரிந்தது. சுத்தம் செய்து முடிக்க 2023 ஆனது. குழந்தைகள் விளையாடும் கடற்கரையில் முப்பது வருடத்துக்கும் மேல் இழுத்தடிக்க வேண்டிய வேலையா அது?

ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டுகள். ஒளிரும் வேதிப்பொருள்தான் காலப்போக்கில் கெட்டுப்போகும், ரேடியம் அப்படியே இருக்கும். அதனால் "இருட்டில் ஒளிரவில்லை, ஆபத்தில்லை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டயல் கிடைத்தால் சுரண்டக் கூடாது, கண்ணாடியைத் திறக்கக் கூடாது, சமையல் மேசையில் வைத்துத் துடைக்கவே கூடாது.

உரிமத்துக்கு வருவோம். எந்த விமானம், அதன் வரிசை எண் என்ன, என்றைக்கு விழுந்தது, அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். எண் பொறித்த தகடு மண்ணுக்கடியில் இருக்கிறது, தோண்ட உரிமம் வேண்டும், உரிமத்துக்கு எண் வேண்டும். பலர் இந்த இடத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள், விட வேண்டாம், வழி இருக்கிறது. லண்டன் ஹெண்டனில் உள்ள ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்தில் படிவம் 1180 என்ற விபத்து அட்டைகள் உள்ளன. லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் ஏர் 27 என்ற வரிசையிலும், உயிரிழப்புக் கோப்புகள் ஏர் 81 என்ற வரிசையிலும் இருக்கின்றன. உழவில் மேலே வந்த துண்டு இருந்தால் அதை எடுக்காமல் கிடந்த இடத்திலேயே படம் பிடியுங்கள். பாக எண் 300 என்று ஆரம்பித்தால் அது ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானமாக இருக்க நல்ல வாய்ப்பு.

அடுத்த பொறி, விமானிகள் பற்றியது. மனித எச்சம் இருக்கக்கூடும் என்று தெரிந்தால் உரிமம் தர மாட்டார்கள், பெரிய வெடிபொருள் இருக்கலாம் என்றாலும் அப்படித்தான். ரன்னிமீட் நினைவகத்தில் கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன. ஆழமாகப் புதைந்த, "நல்ல" இடம் என்று ஆர்வலர்கள் நினைப்பது பெரும்பாலும் இவர்களுடைய இடம்தான். அடக்கம் செய்ததாகப் பதிவு இருந்தாலும் முழு உடலும் கிடைத்தது என்று அர்த்தமில்லை. தோண்டும்போது எலும்போ பூட்ஸோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திப் போலீஸைக் கூப்பிடுங்கள்.

துப்பாக்கி கிடைத்தாலும் அப்படியே. ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் .303 ப்ரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அது துருப்பிடித்திருந்தாலும் தடை செய்யப்பட்ட ஆயுதம்தான். "பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்" என்று கார் டிக்கியில் வைத்தாலே அதை வைத்திருந்த குற்றம் வந்து சேரும், நல்ல எண்ணம் என்று சொன்னால் எடுபடாது. தோட்டாவும் அதே கதை. தொடாமல் அங்கேயே விட்டுப் போன் செய்யுங்கள்.

உரிமம் கையில் வந்தாலும் அது நிலத்தில் நுழையும் உரிமை இல்லை. அதற்கு நிலத்துக்காரர் எழுத்தில் தர வேண்டும், குத்தகைக்காரர் இருந்தால் அவரிடமும் தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னமாக அறிவித்த இடத்தில் டிடெக்டரை ஓட்டவே தனி அனுமதி வேண்டும். தோண்டி எடுத்ததும் பொருள் உங்களுடையதாகிவிடாது. எடுத்தவற்றையெல்லாம் பட்டியல் போட்டு அறிக்கை கொடுத்து, உரிமை உங்கள் பெயருக்கு மாறியதாக எழுத்தில் வரும் வரை விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். இறந்தவர்களின் சொந்தப் பொருள்களை ஒப்படைத்துவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்குக் குறைந்து உரிமம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்களைக் குறியாக வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆகஸ்டில் தோண்ட வேண்டுமானால் நிலத்துக்காரர் கடிதம் முந்தைய கிறிஸ்துமஸுக்குள் கையில் இருக்க வேண்டும். யாராவது போனில் "சரி, செய்யலாம்" என்றால் அன்றைக்கே அவர் பெயரையும் நேரத்தையும் போட்டு, "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பஸ் ஓட்டுநர் இப்போது அப்படித்தான் செய்கிறார். எஸ்டேட்டின் கடிதம் போன மாதம்தான் அவர் கைக்கு வந்தது.