இரைச்சலுக்கு அடியில் ஒரு தாளம்

அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதையில் சில நாட்கள் நடந்து திரும்பிய வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். கைபேசியில் துளிகூடச் சிக்னல் இல்லாத மலையிலும் வரைபடச் செயலியின் நீலப்புள்ளி தன்னுடனேயே நகர்ந்து வந்தது எப்படி என்பது முதல் கேள்வி. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் மட்டும் அது ஆற்றுக்கு அக்கரைக்குத் தாவியது ஏன் என்பது இரண்டாவது. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில், கோடைத் தொடக்கத்தில் சியரா நெவாடா மலைகளின் பனி தடத்தை மூடிவிடும்போது, பலருக்கும் அந்தப் புள்ளியே வழித்துணை.

வரைபடமும் இருப்பிடமும் வெவ்வேறு வழிகளில் வருபவை. வரைபடத்தை ஊரிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இருப்பிடமோ, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அலைகளிலிருந்து கிடைக்கிறது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால் தொலைவு தெரியும். மூன்று தொலைவுகள் இடத்தைச் சொல்லும். கைபேசியின் மலிவான கடிகாரத்தில் உள்ள பிழையை நான்காவது செயற்கைக்கோள் திருத்தும். கைபேசி இதில் கேட்க மட்டுமே செய்வதால், ஃபிளைட் மோடில் வைத்து மின்கலத்தைச் சேமித்தாலும் புள்ளி நகரும்.

என்னை இன்றும் வியக்கவைப்பது அந்தக் கேட்கும் முறைதான். சில பத்து வாட் திறனோடு புறப்படும் அலை தரையைத் தொடும்போது, கைபேசியின் அலைவாங்கியில் இயல்பாகவே எழும் இரைச்சலின் ஐம்பதில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. இரைச்சலுக்கு அடியில் புதைந்த குரலை எப்படிக் கேட்பது? திருவிழாக் கூட்டத்தின் சந்தடியிலும், தனக்கு மனப்பாடமான கோர்வை தூரத்துத் தவிலில் ஒலித்தால், தாளம் அறிந்தவரின் விரல் தானாகவே அதனோடு சேர்ந்துகொள்கிறது அல்லவா? ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய 1,023 துடிப்புகள் கொண்ட ஒரு கோர்வையை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. கைபேசியும் அதே கோர்வையை உள்ளுக்குள் உருவாக்கி, வரும் அலையோடு பெருக்கிக் கூட்டுகிறது; பொருந்தாவிட்டால் சற்றே நகர்த்தி மீண்டும் பார்க்கிறது. பொருந்தும் அந்த ஓர் இடத்தில் 1,023 துடிப்புகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்து 1,023 மடங்கு உயர, திசையற்ற இரைச்சல் தன்னைத் தானே பெரிதும் கழித்துக்கொண்டு ஏறத்தாழ 32 மடங்கே வளர்கிறது. இல்லாததுபோல் இருந்த குரல் ஒரு சிகரமாக எழுகிறது. எவ்வளவு நகர்த்தினோம் என்பதிலிருந்தே அலையின் பயண நேரமும் தெரிந்துவிடுகிறது.

ஒன்றோடொன்று குழம்பாத இத்தகைய கோர்வைகளை ராபர்ட் கோல்டு 1967-இல் வகுத்தளித்தார். அவற்றின் அடித்தளமான முடிவுள்ள களங்களின் இயற்கணிதமோ (எண்ணிக்கை வரம்புள்ள ஓர் எண் தொகுப்புக்குள்ளேயே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நடத்தும் கணிதம்), 1832-இல் இருபது வயதில் இறந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் எவாரிஸ்ட் கலுவா தொடங்கிவைத்தது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுவிட்டுத் தூய கணிதத்துக்கான நிதியைக் குறைப்பவர்களின் சட்டைப் பையிலும் கலுவாவின் கணிதம் இயங்கிக்கொண்டிருக்கிறது, அந்த நிதியை வெட்டுவது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

இனி இரண்டாவது கேள்வி. திறந்த வெளியில் கைபேசியின் பிழை பொதுவாக ஐந்து மீட்டர் அளவுதான். பள்ளத்தாக்கிலோ, பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிய அலை சற்றுத் தாமதமாக வந்து நேராக வந்த அலையோடு கலக்கிறது. பொருத்தத்தைக் காட்டும் அந்தச் சிகரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட, தொலைவு தவறுகிறது. ஒரு துடிப்பின் நேரத்தில் அலை கடக்கும் தூரம் ஏறத்தாழ 293 மீட்டர் என்பதால், சில பத்து மீட்டர் சுற்றிவந்த எதிரொலியைப் பிரித்தறிவது கடினம். எல்5 எனும் புதிய அலைவரிசையில் துடிப்புகள் பத்து மடங்கு நெருக்கமானவை; அங்கே ஒரு துடிப்புக்கு 29 மீட்டர்தான். ஆகவே இரு அலைவரிசைகளையும் கேட்கும் கைபேசிகள் எதிரொலியை எளிதில் ஒதுக்குகின்றன.

பழைய கைபேசி வைத்திருப்பவர்கள், பாதை பிரியும் இடத்தில் முடிவெடுக்கும் முன் வானம் நன்றாகத் தெரியும் திறந்த இடத்துக்கு நகர்ந்து சற்று நிற்க வேண்டும். காலையில் முதன்முதலாகச் செயலியைத் திறக்கும்போதும் பொறுமை தேவை. இணையம் இல்லாத இடத்தில் செயற்கைக்கோளின் பாதை விவரங்களையும் வானிலிருந்தே, நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் கைபேசி பெற வேண்டியிருப்பதால், அதற்கு அரை நிமிடமாவது ஆகும்.