ஐவிஆர்: ஊடாடு குரல் மறுமொழி

'இன்டராக்டிவ் வாய்ஸ் ரெஸ்பான்ஸ்' என்பதன் சுருக்கம் ஐவிஆர். அழைப்பவரிடம் பதிவுக் குரலில் கேட்டு, அவர் அழுத்தும் எண்ணையோ சொல்லும் சொல்லையோ வைத்து அழைப்பை உரிய இடத்துக்குத் திருப்பும் தொலைபேசி ஏற்பாடு. வங்கிக்குப் போன் போட்டால் 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்று கேட்குமே, அதுதான். பிரிட்டனின் பூட்டுத் தொழிலை வைத்து இதை விளக்குகிறோம். அங்கே கார் சாவி, பெட்டகம் என்று ஒரே துறையில் தேர்ந்தவர்கள் பலர், ஒரு வேன், ஓர் ஆள் என்று தொழில் நடத்துபவர்கள். துளைப்பான் ஓடும்போது போனை எடுக்க முடியாது. தெருவில் சாவியில்லாமல் நிற்பவரோ காத்திருக்க மாட்டார், அடுத்த கடை எண்ணைத் தேடிப் போய்விடுவார்.

மூலச் சொற்கள் லத்தீனிலிருந்து வந்தவை. 'இன்டர்' என்றால் இடையே. 'ஆக்டிவ்' செய்தல் என்னும் வினையடி. 'ரெஸ்பான்ஸ்' என்பதன் வேர், பதிலுக்கு உறுதி கூறுதல். தமிழில் ஊடு, ஆடு இரண்டும் சேர்ந்த 'ஊடாடு' நெடுநாளாகப் பழகிய சொல். இருபுறமும் நடக்கும் பழக்கத்தைக் குறிப்பது. 'பதில்' அரபியிலிருந்து உருது வழி வந்தது, 'மறுமொழி' நம்முடையது. ஆகவே ஊடாடு குரல் மறுமொழி. 'தானியங்கிப் பதில்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதை ஏற்க முடியாது. செய்தியைப் பதிவுசெய்து வைக்கும் பதில் கருவியும் தானியங்கிதான், ஆனால் அது எதையும் கேட்டு முடிவெடுப்பதில்லை. கடைக்காரர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டால், இரவு இரண்டு மணிக்கு வந்த அவசர அழைப்பு காலைவரை பதிவுப் பெட்டியில் கிடக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு வழி திறந்தது பொத்தான் தொலைபேசி. 1963 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் பெல் நிறுவனம் அதை வாடிக்கையாளர்களுக்குக் கொண்டுவந்தது. பழைய சுழல் வட்டின் துடிப்புகள் தொலைபேசி நிலையத்தோடு நின்றுவிடும். பொத்தானின் ஒலியோ பேச்சு போகும் பாதையிலேயே மறுமுனை வரை போகும். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஒலிகள். 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். மனிதக் குரல் தற்செயலாக இதைப் போல ஒலித்துவிடாதபடிதான் இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இணையவழித் தொலைபேசியில் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஜி.729 போன்ற, குரல் தரவைச் சுருக்கி அனுப்பும் முறை பேச்சுக்காக வடிவமைத்தது. பொத்தான் ஒலியைச் சிதைத்துவிடும். அதனால் எண்ணை ஒலியாக அனுப்பாமல் ஆர்.எஃப்.சி. 4733 என்னும் இணையத் தரநிலை ஆவணத்தின் முறைப்படி தனித் தகவலாக அனுப்ப வேண்டும். இரண்டு வழியும் சேர்ந்து இயங்கினால், ஒருமுறை அழுத்திய 2, 22 ஆகப் பதிவாகி அழைப்பு தவறான பிரிவுக்குப் போகும். 'எண் வேலை செய்யவில்லை' என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது கைபேசிக்குத் திருப்புவது. பூட்டுக்காரரின் கைபேசி அணைந்திருந்தால் அதன் குரலஞ்சல் (செய்தியைப் பதிவுசெய்யும் வசதி) எடுத்துவிடும். ஐவிஆர் 'ஆள் எடுத்துவிட்டார்' என்று நினைத்து, வேறு ஆளைத் தேடுவதை நிறுத்திவிடும். எடுத்தவர் 1-ஐ அழுத்தினால் மட்டும் இணைப்பு கிடைக்கும்படி வைத்தால் இது நடக்காது. மணி ஒலிக்கும் நேரமும் குரலஞ்சல் எடுக்கும் நேரத்துக்குக் குறைவாக இருக்கட்டும்.

வாசகத்தில் வேலையை முதலிலும் எண்ணைப் பிறகும் சொல்ல வேண்டும்: 'வெளியே மாட்டிக்கொண்டிருந்தால், ஒன்று.' எண்ணை முதலில் சொன்னால், தன் வேலை எதுவென்று கேட்டு முடிப்பதற்குள் எண் மறந்துபோகும். மூன்று, நான்கு தேர்வுகளுக்கு மேல் வேண்டாம். அவசரம் முதலில் வரட்டும். ஒருமுறை திரும்பச் சொல்லியும் எதுவும் அழுத்தாவிட்டால் ஆளிடம் இணைத்துவிடுங்கள். காரில் குழந்தை சிக்கியிருந்தால் பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கச் சொல்லும் ஒரு வரி தொடக்கத்திலேயே இருப்பது நல்லது.

கார் சாவிக்குக் கேட்க வேண்டியவை தயாரிப்பு, மாடல், ஆண்டு, மாற்றுச் சாவி இருக்கிறதா, வண்டி தரைக்கீழ் நிறுத்தத்தில் நிற்கிறதா என்பவை. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், உயரத் தடுப்பைத் தாண்டி வேன் உள்ளே போகாமல் வாசலில் நிற்க நேரும். இடத்தை அறிய, எழுத்தும் எண்ணும் கலந்த பிரிட்டன் அஞ்சல் குறியீட்டைப் பேச்சில் வாங்குவது ஆபத்து. வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே. குறுஞ்செய்தியில் இணையச் சுட்டி அனுப்பி இடத்தை வாங்கலாம். வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பவருக்கு அது போய்ச்சேராது என்பதால், குறியீட்டைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் வழியும் இருக்க வேண்டும்.

பெட்டகப் பூட்டில் எண்பலகை மங்கியிருந்தால், 9 வோல்ட் புதிய ஆல்கலைன் பேட்டரி போட்டுப் பார்க்கச் சொல்லும் ஒரு பதிவு வீண் பயணத்தைத் தவிர்க்கும். ஆனால் பெட்டகத்தின் திறப்பு எண்ணை மட்டும் ஐவிஆர் ஒருபோதும் கேட்கக் கூடாது. அழுத்திய எண்கள் அழைப்புப் பதிவேட்டில் அப்படியே தங்கும். பதிவேட்டைப் பார்க்க முடிந்தவர் எவரும் பெட்டகத்தைத் திறக்கலாம். கார் சாவியில் பொறித்த குறியீட்டுக்கும் இதே விதி.

'சாவி' போர்ச்சுகீசியச் சொல். பழைய தமிழில் திறவுகோல். ஈழத் தமிழர் சொல்வது திறப்பு. லண்டனில் தமிழ் வாசகம் பதிவு செய்யும் கடை, 'கார்த் திறப்பு துலைஞ்சிருந்தால்' என்பதையே சொல்லலாம், ஏனென்றால் அங்கே அழைக்கும் தமிழர் பலர் ஈழத்தவர். பேச்சறிதல் இருந்தால் சாவி, திறப்பு, கீ என மூன்றையும் சொற்பட்டியலில் சேர்க்க வேண்டும்.