ரீஃப் – பார்

'ரீஃப்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் பழைய நார்ஸ் மொழியின் 'ரிஃப்'. பொருள், விலா எலும்பு. டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, நீருக்கடியில் நீளமாகக் கிடக்கும் பாறை மேட்டுக்குப் பெயராகிவிட்டது.

தமிழில் இதைப் 'பவளப்பாறை' என்றே எழுதுகிறோம். பவளம் கட்டிய ரீஃபுக்கு அது பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. ('பவளப்பாரை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பாரை என்பது மீன்!) மன்னார் வளைகுடா மீனவரிடம் பொதுச்சொல்லே இருக்கிறது: பார். முத்துச்சிப்பி விளையும் இடம் முத்துப் பார். கீழக்கரைக்கு அப்பால் ஆனைப்பார் என்று ஒரு தீவே உண்டு. களவா, விளமீன் போன்ற மீன்கள் பார் ஓரமாகத்தான் அடையும். வலை விட்டால் கல்லில் மாட்டிக் கிழியும் என்பதால் அங்கே தூண்டிலே தோது. சொல்லும் பழையது. புறநானூறு 14-இல் வரும் 'பாருடைத்த குண்டகழி', வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய ஆழமான அகழி.

திட்டு வேறு. அது மணல் மேடு, அலையோடு இடம் மாறும். தனுஷ்கோடிக்குக் கிழக்கே தலைதூக்குபவை திட்டுகளே.

பார் எல்லாம் பவளமல்ல. இராமேசுவரம், மண்டபம் கரைகளில் மணற்கல் பாறையும் உண்டு, கரைப்பார் எனலாம். ஓதத்தில் கடல் ஏறி இறங்கும் கரைப்பட்டையில் கடல்நீரின் சுண்ணாம்பு படிந்து மணலையும் சிப்பித்தூளையும் ஒட்டவைக்கிறது. சில பத்தாண்டுகளிலேயே கல்லாகிவிடும். கடல் பக்கம் லேசாகச் சரிந்த பலகைகளாக இருக்கும். அலை அடிமணலை அரித்துவிட்டால், தாங்கலில்லாத பலகை வெடிப்பு வழியே பாளம் பாளமாக உடைகிறது.

கரைப்பாரையும் பவளத்தையும் பிரித்தறிய எலுமிச்சைச் சாறு உதவாது: இரண்டுமே சுண்ணாம்பு, இரண்டுமே நுரைக்கும். உடைந்த முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். மணல்மணியும் சிப்பித்துண்டும் தெரிந்தால் கரைப்பார். விண்மீன் வடிவக் குழிகள் வரிசையாக இருந்தால் பவளம்.

பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; செத்த துண்டை எடுத்தாலும் குற்றம்தான். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளத்தைப் பெயர்த்தார்கள். அலையைத் தடுக்கப் பார் இல்லாமல் போய், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.